மூன்று நாள் கழித்து வந்த டோரீன்

டோரீன் ஹெப்பிள்வைட்டுக்கு எல்லாமே அலுத்துவிட்டது. கணவர் கிளைவ் போனபின் யார்க்‌ஷயர் வீட்டை விற்றுவிட்டு, வெயிலுக்காக ஐரோப்பாவின் தென்கோடியில் அல்மேரியாவின் இந்தக் காய்ந்த கிராமத்துக்கு வந்தவள். வெயில் கிடைத்தது. கூடவே, ஐரோப்பாவை விட்டு அவள் நாடு விலகியதிலிருந்து, குடியிருப்பு அட்டைக்கு வரிசையும் கிடைத்தது. இங்கே நாளைக்கு வருகிறேன் என்ற எலக்ட்ரீஷியன் அடுத்த மாதம் வருவான். அங்கே சொன்ன நேரத்துக்கு வந்து, சாமான் இல்லை என்று திரும்பிப் போவான். டாக்டரைப் பார்ப்பதற்குள் இரண்டு நாட்டிலும் ஆளே போய்விடுவான்.

இதையெல்லாம் கொட்டித் தீர்க்க அவளுக்கு இருந்த ஒரே ஆள், அடுத்த தோட்டத்து என்கார்னா. காலையில் சதுக்கத்துக் காப்பிக்கடையில், தக்காளி தேய்த்த ரொட்டியோடு இருவரும் உட்கார்ந்தால் டிவியில் செய்தி ஓடும்.

"நீங்க பிரதமர மாத்துற வேகத்துக்கு நான் தலையணை உறைகூட மாத்துறதில்லடி," என்பாள் என்கார்னா.

"உங்காளுங்க தேர்தல் முடிஞ்சு மந்திரிசபை அமைக்கறதுக்குள்ள அந்த உறையே கிழிஞ்சிடும்."

ஊரில் வேறு யாரும் டோரீனிடம் இப்படி வாயாடுவதில்லை.

ஒரு திங்கட்கிழமை என்கார்னாவின் மகள் போன் செய்தாள். அப்பா ஃபெர்மின் விடிகாலையில் இறந்துவிட்டார், அவர் உடலோடு அம்மா ஊர்க்கோடி அஞ்சலிக் கூடத்தில் இருக்கிறாள் என்றாள்.

"ஏதாவது வேணும்னா அம்மாவ சொல்லச் சொல்லும்மா," என்று சொல்லி டோரீன் போனை வைத்துவிட்டாள்.

ஓடிப்போகத்தான் கால் துடித்தது. ஆனால் துக்கத்தில் அழையாமல் போய் நிற்பது அவள் ஊரில் அநாகரிகம். குடும்பம் தனியாக இருக்கட்டும், அங்கே போலவே இங்கேயும் அடக்கத்துக்கு எப்படியும் இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று நினைத்தாள். அதுவும் ஒரு குழாய் மாற்றவே ஒரு பருவம் எடுத்துக்கொள்கிற ஊரில்!

பாவம், இத்தனை வருஷத்தில் அவள் இங்கே ஒரு சாவுக்கும் போனதில்லை. இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் இவர்கள் காத்திருப்பதில்லை. செவ்வாய் மதியமே ஃபெர்மினைக் கல்லறைச் சுவரின் மாடத்துக்குள் வைத்து வாயைப் பூசியாயிற்று.

வியாழக்கிழமை ஒரு கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

என்கார்னா கதவைப் பாதிதான் திறந்தாள். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"அடக்கம் என்னிக்குன்னு கேக்கலாம்னு..."

"ஆச்சு, முந்தாநாளே. வரப்புத் தகராறுல பேச்ச விட்ட என் கொழுந்தன்கூட வந்தான். நீ வருவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வாசலையே பாத்துட்டிருந்தேன்டி."

"உன்னத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு இருந்தேன். ஏதாவது வேணும்னா சொல்லச் சொன்னேனே..."

"புருஷன் செத்தவளுக்கு என்ன வேணும், உப்பா சக்கரையா? ஆளு வேணும்!"

கையில் கேக் கனத்தது. "எங்க ஊர்ல இதான் மரியாத, என்கார்னா. தள்ளி இருக்கறது."

"உன் வீட்டுக்காரர் போனப்பவும் தள்ளித்தான் இருந்தாங்களா?"

"கார்டு அனுப்புனாங்க. நெறைய வந்துச்சு."

"ஆளு?"

"அடக்கத்தன்னிக்கு வந்தாங்க. மூணு வாரம் கழிச்சு."

"அதுவரைக்கும் நீ என்ன பண்ணே?"

"வீட்டத் தொடச்சிட்டிருந்தேன்."

என்கார்னா அவளையே பார்த்தாள். கோபம் இன்னும் முகத்திலேயே இருந்தது. ஆனாலும் கதவை முழுக்கத் திறந்து கேக்கை வாங்கிக்கொண்டாள்.

"உள்ள வா. ஃபெர்மினுக்கு ஊரே அழுதாச்சு. இன்னிக்கு உன் கிளைவுக்கு அழுவோம்."

அதெல்லாம் வேண்டாம், அது பழைய கதை என்றுதான் டோரீன் சொல்ல வந்தாள். வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது.