பெட்டி முந்திப் போன பயணம்

சென்ற வாரம் என் மகள் தோசை சாப்பிட்டுக்கொண்டே எனக்குப் பாரிசுக்கு டிக்கெட் எடுத்துத் தந்தாள். ஒரு கையில் தோசைத் துண்டு, மற்றக் கையில் தொலைபேசி. பெருவிரலால் சும்மா நாலு அழுத்து. "டன் அப்பா, ஹோட்டலும் சேர்த்து, சூப்பர் டீல்" என்றாள். அவளுடைய தட்டில் சம்பல்கூட இன்னும் முடியவில்லை.

எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. மலிவு டிக்கெட் என்றால் அதற்கென்று கொஞ்சமாவது பாடுபட வேண்டாமா? பழக்கதோஷத்தில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் தமிழ்க் கடை நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். புறப்படும் நாள் செவ்வாய்க்கிழமை. கீழே பொடி எழுத்தில் அட்டமி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனோ அன்ரியை நினைத்துத்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் எங்கள் நகரின் டோர்செட் பார்க் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தேன். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு திறந்ததும் வாசனையை வைத்தே எந்த மாடி என்று சொல்லிவிடலாம். மீன் பொரிக்கிற வாசனை என்றால் ஐந்து. சாம்பிராணி என்றால் ஏழு, சின்னராசா அங்கிளின் மாடி. மிளகாய்த்தூள் வறுத்துத் தும்மல் வந்தால் அது என்னுடைய மாடி. வறுப்பவர் எதிர்வீட்டு மனோ அன்ரி. தும்மிக்கொண்டே கதவைத் திறந்தால் "தம்பி, சாப்பிட்டனியோ?" என்பார். நான் ஒரு தொழிற்சாலையில் அதிகாலை வேலை செய்துவிட்டு மத்தியானம் வீடு திரும்புகிற தனிக்கட்டை. சாப்பிட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வேன்.

முதல் தடவை கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? கட்டில் வாங்கவில்லை, கம்ப்யூட்டர் வாங்கினேன். தரையில் மெத்தை, மேசையில் கம்ப்யூட்டர். தொலைபேசி வயரைக் கழற்றி அதில் செருகினால் கீச்சென்று கத்தி, கரகரத்து, கடைசியில் இன்டர்நெட் வரும். அது வந்தால் தொலைபேசி வேலை செய்யாது. யாராவது அடித்தால் எங்கேஜ் சத்தம்தான் கேட்கும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் டிக்கெட் எடுப்பதென்றால் பிளாசாவில் இருக்கும் பயண முகவர் கடைக்குப் போகவேண்டும். சுவரில் விமானப் படம், மேசையில் பிளேன்டீ, அலமாரியில் ஃபோன் கார்ட். முகவர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். முகம் போகிற போக்கில் விலையும் போகும். இதையெல்லாம் கம்ப்யூட்டர் ஒழித்துவிடும் என்று நான் லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். பயணம் போகிற ஆசை இல்லாதவர்கள்கூட ஒரு மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

அந்தக் கோடையில்தான் மனோ அன்ரியின் தம்பிக்குப் பாரிசில் கல்யாணம் நிச்சயமானது. ஒரே தம்பி. அன்ரி நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அவன் பள்ளிக்கூடப் பெடியன். பிறகு அவன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாக அகதியாகி, படத்திலும் தொலைபேசியிலும்தான் உறவு. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. தாலி ஏறும்போது பெண்ணுக்குப் பின்னால் நிற்பது அவள்தான். கூறைச்சேலையும் அவள் கையோடுதான் போகவேண்டும். முகவர் சொன்ன கோடைக்கால விலையைக் கேட்டுவிட்டு வந்த அன்று அன்ரி மிளகாய்த்தூள் வறுக்கவில்லை.

"அம்மாவும் இல்லை. நானும் போகாட்டில் அவனுக்குப் பக்கத்தில ஆர் தம்பி நிக்கிறது?" என்று கேட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு ரோசம் வந்துவிட்டது. பிரசங்கம் செய்தவன் செய்துகாட்ட வேண்டாமா? வேலை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டருக்கு முன்னால் குந்திவிடுவேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வரலாம். கடற்கரைப் படம் ஒன்று மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல இறங்கி வரும். மணல் வரும்போது லைன் அறுந்துவிடும். ஒருநாள், அறாமல் வந்த ஒரு பக்கத்தில், கல்யாணத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமைக்கு ஒரு டிக்கெட் இருந்தது. ஹோட்டலும் சேர்த்து எடுத்தால் வெறும் டிக்கெட்டை விட மலிவு. எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கத்திக்கொண்டே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அன்ரி சந்தோஷப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? தம்பி வீடு இருக்க ஹோட்டலில் படுத்தால் சனம் என்ன கதைக்கும் என்று தொடங்கினார். படுக்கத் தேவையில்லை, அறை தன்பாட்டில் இருக்கட்டும் என்று ஒருமாதிரிச் சமாளித்தேன். கடனட்டை இலக்கத்தைக் கம்ப்யூட்டரில் அடிக்கவேண்டும் என்றதும், உது எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே என்று திரையைச் சேலைத் தலைப்பால் மறைத்தார். அதையும் தாண்டினோம். கடைசியில் நாட்காட்டியைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை. அதோட அட்டமி. உது சரிவராது தம்பி."

வேறு நாளில் அந்த விலை இல்லை. நல்ல நாளெல்லாம் எல்லாருக்கும் நல்ல நாள், அதனால் விலையும் நல்ல விலை. நான் எவ்வளவோ கெஞ்சினேன். அவர் அசையவில்லை. பிடிவாதமில்லை, பயம். தன் கால்பட்டுத் தம்பியின் வாழ்க்கையில் ஏதும் வந்துவிடுமோ என்கிற பயம். ஏழாம் மாடிக்குப் போய்ச் சின்னராசா அங்கிளைக் கூட்டிவந்தேன்.

அங்கிள் ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். இங்கே டோனட் கடையில் வேலை. சாத்திரம் சம்பிரதாயத்தில் எங்கள் கட்டடத்துக்கு அவர் சொன்னதுதான் சட்டம். வந்து, நாட்காட்டியைப் பார்த்து, வழி ஒன்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம். அந்த நேரத்தில் பயணப் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு ஆள் எப்போது போனாலும் பிழையில்லை. ஒரே நிபந்தனை: வெளிக்கிட்ட பெட்டி திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது.

ஞாயிறு காலை அன்ரி தேவாரம் பாடி, பெட்டியை லிஃப்டில் இறக்கி, அங்கிள் வீட்டுச் சாமியறையில் வைத்தார். உள்ளே கூறைச்சேலை. அதன் மடிப்புக்குள் டிக்கெட்டும் பாஸ்போட்டும். பாஸ்போட்டை எதற்கு உள்ளே வைத்தீர்கள் என்று கேட்டேன். பாஸ்போட் இல்லாமல் பெட்டி வெளிக்கிட்டால் அது என்ன பயணம் என்று திருப்பிக் கேட்டார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் விமானம். அன்ரியின் கணவர் வேலையில். நான்தான் சாரதி. மத்தியானம் முழுக்க இன்டர்நெட்டில் விமானம் நேரத்துக்குப் போகிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷப் புளுகம். வெளிக்கிடும் நேரம் வந்ததும் இருவரும் ஏழாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினோம். சத்தமில்லை. இன்னும் பலமாகத் தட்டினோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்த்து, அங்கிள் நகருக்கு வெளியே அஜக்ஸில் வீடு பார்க்கப் போய்விட்டார் என்றது.

அன்ரி அப்படியே கொரிடோர் கம்பளத்தில் இருந்துவிட்டார். புதுச் சேலை, தலையில் பூ, கையில் ஒரு சின்னக் கைப்பை மட்டும். என்னை அவர் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவன் எயாப்போட்டில பாத்துக்கொண்டு நிப்பான்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கட்டடப் பொறுப்பாளருக்கு அடித்துக் கதவைத் திறக்கச் சொல்லலாம் என்று மேலே ஓடினேன். கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கித் தொலைபேசியில் செருகினேன். நான் இலக்கத்தைத் தொடுவதற்குள் அது அலறியது.

"எத்தினை தரமடா அடிக்கிறது? எப்ப பாத்தாலும் எங்கேஜ்!" சின்னராசா அங்கிள். "நான் எயாப்போட்டில நிக்கிறன், பெட்டியோட. எங்க நீங்கள்?"

வெளிக்கிட்ட பெட்டி எங்கள் மாடிக்குத் திரும்பி வந்துவிடக்கூடாதே என்று, மனுசன் அதைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டு வீடு பார்க்கப் போய், அங்கிருந்து நேரே விமான நிலையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். அதைச் சொல்ல, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே இலக்கமான என் இலக்கத்துக்கு மத்தியானத்திலிருந்து அடித்திருக்கிறார். உலகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த என் இன்டர்நெட், இரண்டு மாடிக்குக் கீழே இருந்தவரை உள்ளே விடவில்லை.

401 நெடுஞ்சாலையில் அன்று நான் கார் ஓடிய ஓட்டத்தைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவது எல்லாருக்கும் நல்லது. போய் இறங்கினால், அங்கிள் பெட்டியைக் கும்பத்தைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அன்ரி கடைசி ஆளாகப் போனார். கல்யாணப் படத்தில், பெண்ணுக்குப் பின்னால் அழுது வீங்கிய முகத்தோடு நிற்கிறார். ஒருவரும் படுக்கக்கூடாது என்றிருந்த அந்த ஹோட்டல் அறையில் ஜெர்மனியிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த சொந்தங்கள் எத்தனை பேர் படுத்தார்கள் என்பது ஹோட்டல்காரருக்கு இன்றைக்கும் தெரியாது.

இப்போது அந்தத் தம்பியின் மகளுக்குக் கல்யாணம். அதற்குத்தான் போகிறேன். யூனியன்வில்லில் மகனோடு இருக்கும் மனோ அன்ரி ஒரு மாதம் முந்தியே பாரிசுக்குப் போய்விட்டார். டிக்கெட் எடுத்த கையோடு அவருக்கு அடித்து, செவ்வாய், அட்டமி, என்ன செய்ய என்று கேட்டேன். நல்ல நேரம் சொன்னார். "பெட்டியை ஆரின்ரையும் வீட்டில வை. பாஸ்போட்டை மட்டும் பொக்கற்றுக்குள்ள வை" என்று சிரித்தார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஞாயிறு காலை, சொன்ன நேரத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நானும் பின்னாளில் அஜக்ஸுக்கு வந்தவன்தான். நல்ல பெரிய வீடுகள். வலப்பக்கத்து மனிதர் பனி அள்ளும்போது கையாட்டுவார், பெயர் தெரியாது. இடப்பக்கத்துக் கதவில் கேமரா இருக்கிறது. பெட்டியோடு போய், இதைச் செவ்வாய் வரைக்கும் வைத்திருங்கள் என்றால் பொலிசுக்கு அடிப்பார்கள். சின்னராசா அங்கிளின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவர் போய்ச் சேர்ந்தபின் அதில் வேறு யாரோ இருக்கிறார்கள். அவர் இல்லாதது அன்று காலையில்தான் எனக்கு உண்மையாகவே வலித்தது.

கொஞ்ச நேரம் பெட்டியோடு வாசலில் நின்றேன். பிறகு கார் டிக்கியைத் திறந்து உள்ளே வைத்து மூடினேன். அங்கிள் இருந்திருந்தால், அதுவும் சரிதான் என்றிருப்பார்.