மனைவியின் புள்ளிகள்

என் மனைவியின் புள்ளிகளை நான் திருடினேன்.

இதைவிட நாகரிகமான வினைச்சொல் ஒன்றைத் தேடி மூன்று நாட்களைச் செலவிட்டேன். மாற்றிச் சொன்னேன், மறைத்துவிட்டேன், வாய் தவறிவிட்டது… இல்லை. திருடினேன். சொற்களைத் தேர்வதில் எனக்குத் தேர்ச்சி உண்டென்று நீங்கள் இத்தனை காலம் நம்பியிருக்கிறீர்கள். இந்த ஒரு சொல்லையாவது சரியாகத் தேர்ந்துவிடுகிறேன்.

என் மனைவி தவமலரின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நீங்கள் வந்திருந்தால், உங்கள் வீட்டில் ஒரு நினைவு மலர் கிடக்கும். அட்டையில் நீலச் சேலையுடன் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். அதன் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பொய் அச்சாகியிருக்கிறது. அந்தப் பொய் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ரொறன்ரோ நகரின் அஜின்கோர்ட் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாம் தளத்தில் குடியிருந்தோம். ஊரில் நான் ஒரு பெரிய கல்லூரியின் உப அதிபர். வரலாறு கற்பித்தவன், இரண்டு பட்டங்கள் பெற்றவன். ரொறன்ரோவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் வாசலில் சீருடை அணிந்த காவலாளி. எனினும் எங்கள் கட்டடத்துத் தமிழருக்கு நான் 'மாஸ்டர்'தான். குடிவரவுக் கடிதமோ பள்ளிக்கூடக் கடிதமோ, எது வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, முதல் வரியிலிருந்து வாசித்துப் பொருள் சொல்வேன். அந்த மரியாதை ஒன்றைத்தான் கடல் கடந்து முழுதாகக் கொண்டுவந்திருந்தேன். காரணம் சொல்கிறேனேயன்றி நியாயம் சொல்லவில்லை.

தவமலர் ஊரில் பதினொரு வருடம் பாலர் வகுப்பு ஆசிரியையாக இருந்தவள். இங்கே ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் கேக் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தாள். சிறுபிள்ளைப் பராமரிப்புக் கல்வியை ஒரு கல்லூரியில் படித்து, மறுபடியும் சிறுவர்களுக்கு நடுவில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை அவளுக்கு இருக்கவில்லை. அதற்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். வாசிப்புப் பகுதியில் ஒன்பதுக்கு ஏழு புள்ளி வேண்டும்.

"நானும் எழுதுறன், உமக்குத் துணையா" என்றேன். ஆசிரியர் பதிவுக்கு எனக்கும் அது உதவும் என்றும் சொன்னேன்.

நான் வகுத்த முறை இது: அகராதியில் முதல் எழுத்திலிருந்து நாளொன்றுக்கு இருபது சொற்கள். சொல், பொருள், ஒரு வாக்கியம். பந்தி வாசிக்கும்போது ஒரு சொல்லும் விடுபடக் கூடாது.

அவளுடைய முறையோ வேறு. பஸ்ஸில் யாரோ விட்டுச்சென்ற இலவசப் பத்திரிகை, தொழிற்சாலைச் சுவரின் எச்சரிக்கைப் பலகை, வாரந்தோறும் கதவடியில் விழும் கடை விளம்பரத் தாளான ஃபிளையர்… இவைதான் அவளது பாடநூல்கள். ஒரு பந்தியைக் கொடுத்தால் முதலில் கேள்விகளைப் பார்ப்பாள். பிறகு பந்திக்குள் நுழைந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். தெரியாத சொல்லைக் கண்டால் அதைச் சுற்றிக்கொண்டு நடப்பாள்.

"உது கள்ள வாசிப்பு. எழுதினவன் பாவமெல்லே? எல்லா வரியையும் வாசியும்" என்பேன்.

"ஃபிளையரை முழுக்க வாசிச்சா வெங்காயம் வாங்க விடிஞ்சிடும். நீங்கள் அதையும் முன்னுரையிலை இருந்து தொடங்குவியள்" என்று சிரிப்பாள்.

தேர்வு நாளன்று வாசிப்புக்கு மூன்று பந்திகள், ஒரு மணி நேரம். முதலாவது பழைய கால்வாய்களின் வரலாறு. அதை எழுதியவர் ஓரிடத்தில் அவசரமாக முடிவுக்கு வந்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. நான் மனத்துக்குள் அவரோடு வாதிட்டுக்கொண்டிருந்தேன்! நேரம் போனதே தெரியவில்லை. மூன்றாவது பந்தியின் தலைப்பை மட்டுமே பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தவமலர் என் பக்கம் சாய்ந்து கேட்டாள்: "அந்தக் கடைசி, வௌவால்களைப் பற்றினது… நல்லாயிருந்தது என்ன?"

"ஓம். நல்லது" என்றேன்.

முதல் பொய் அதுதான். அவ்வளவு சிறியது. அவளோ வௌவால்களைப் பற்றி வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். "எல்லாம் விளங்கேல்லை. ஆனா கேட்ட கேள்விக்கு மறுமொழி எங்கை ஒளிச்சிருக்கெண்டு தெரிஞ்சுது."

முடிவுகள் மின்னஞ்சலில் வந்தன. இருவருக்கும் ஒரே முகவரி, கடவுச்சொல் என்னிடம். அவள் வேலைக்குப் போயிருந்தாள். வாசிப்பில் தவமலருக்கு எட்டு. எனக்கு ஆறு.

நான் மகிழ்ந்தேனா? இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! மகிழ்ந்தேன் என்று சொல்ல ஆசைப்படுகிறேன். கணவன் மகிழ்ந்திருப்பான். மாஸ்டர்தான் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பிரேக் நேரத்தில் அவள் அழைத்தாள். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"வந்திட்டுதோ? உங்களுக்கு எவ்வளவு?"

கவனியுங்கள்… தன்னுடையதை அவள் முதலில் கேட்கவில்லை.

"எட்டு" என்றேன்.

"எனக்கு?"

"ஆறு."

இரைச்சல் மட்டும் கேட்டது. ஒரு மூச்சளவு நேரம். அந்த மூச்சுக்குள் நான் எல்லாவற்றையும் திருப்பி எடுத்திருக்கலாம்.

"எனக்கு அப்பவே தெரியும், உங்களுக்கு வருமெண்டு" என்றாள். அவள் குரலில் ஒரு துளி பொறாமைகூட இல்லை. இருந்திருந்தால் இன்று என் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அன்று மாலை விளிம்பு உடைந்த கேக் ஒன்றை வாங்கிவந்து, எங்கள் தளத்தில் எல்லா வீட்டுக்கும் துண்டு துண்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பரமானந்தம் வாசலில் நின்றே கத்தினார்: "மாஸ்டர்! எட்டுக்கு மேலை போட அவையளிட்டைப் புள்ளி முடிஞ்சு போச்சாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தவமலர்தான் அதிகம் சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்துத் தபாலில் வந்த முடிவுத் தாள்களை, கீழ்த்தளத்துத் தபால்பெட்டியிலிருந்து நானே எடுத்து, என் பட்டச் சான்றிதழ்களின் பின்னால் செருகினேன். ஆசிரியர் பதிவுக்கு விண்ணப்பிக்கவில்லையா என்று கேட்டவர்களிடம் வயது போய்விட்டது என்றேன். தாளை எப்படிக் காட்டுவது? திருடிய பொருளை அணிந்துகொண்டு வெளியே போக முடியாதல்லவா!

சில நாட்களின் பின் அவள் கேட்டாள்: "நான் திருப்பி எழுதிப் பாக்கட்டோ?"

"அவசரப்படாதையும். இன்னும் கொஞ்சம் சொல்லுப் படிச்சிட்டு எழுதலாம்."

ஆம்… அதன் பிறகும் நான் அவளுக்குக் கற்பித்தேன். ஆறு வாங்கியவன் எட்டு வாங்கியவளுக்கு! இரண்டு வருடங்கள். வேலை முடிந்து வந்து, சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக அமர்வோம். அவள் வெள்ளைப்பூடு உரித்துக்கொண்டே அன்றைய இருபது சொற்களை ஒப்பிப்பாள். உச்சரிப்பைத் திருத்துவேன். அவள் என் தேநீரில் சீனியைக் குறைத்துவிட்டுக் குறைக்கவில்லை என்று சாதிப்பாள். கோடையில் மேசைவரை வெயில் வரும்.

இங்கே ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் வாழ்வில் மிக இனிமையான மாலைகள் அவைதாம். அவற்றை நினைக்கும்போது வருந்த முயல்கிறேன். முடிவதில்லை. அவள் உண்மை அறிந்து கல்லூரிக்குப் போயிருந்தால் அந்த மாலைகள் எனக்குக் கிடைத்திரா என்றுதான் மனம் முதலில் கணக்கிடுகிறது. இப்படிப்பட்ட மனத்தை வைத்துக்கொண்டு எதை மன்னிக்கும்படி கேட்பது?

ஒரு சனிக்கிழமை அவளுடைய மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்து, கூடுதலாக ஒரு நாள் வர முடியுமா என்று கேட்டார். தவமலர் ஆங்கிலத்தில் மறுமொழி சொன்னாள். அவ்வளவு விருப்பமில்லை என்பதற்கு, தான் கொஞ்சம் 'ரிலக்டன்ட்' என்றாள். அடுத்த அறையிலிருந்து கேட்டேன். அச்சொல் அவ்வளவு இயல்பாக வந்து விழுந்தது. திங்கட்கிழமை மேசையில் அமர்ந்து, வெள்ளைப்பூட்டிலிருந்து கண்ணெடுக்காமல் என்னிடம் கேட்டாள்: "ரிலக்டன்ட் எண்டால் என்னங்கோ?"

நான் விளக்கினேன். இரண்டு வாக்கியங்கள் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

உண்மையிலேயே மறந்துதான் கேட்டாளா? எனக்காகக் கேட்டாளா? எனக்காக என்றால், அவளுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது? எவ்வளவு காலமாக? இதற்கு இனி மறுமொழி இல்லை. எந்தப் பந்திக்குள்ளும் அது ஒளிந்திருக்கவில்லை.

மகள் வானதிக்குக் குழந்தை பிறந்து, நாங்கள் அவள் குடியிருந்த மார்க்கம் நகருக்கும் அஜின்கோர்ட்டுக்குமாக அலையத் தொடங்கியபோது பாடம் நின்றது. தவமலர் மறுபடி தேர்வைப் பற்றிப் பேசவில்லை. ஓய்வு பெறும்வரை கேக் பெட்டிகளை மூடினாள்.

சென்ற வருடம் அவளுக்கு நோய் வந்தது. ஒரு பிற்பகல், வைத்தியசாலையில் தாதி ஒருத்தி இருவர் கையிலும் ஒவ்வொரு துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்து, வாசித்துவிட்டுக் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று சொல்லிப் போனாள். நான்கு பக்கங்கள். நான் கண்ணாடியைத் துடைத்து அணிந்து, முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.

தவமலர் தாள்களைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு மடித்துத் தலையணையருகே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன, முடிச்சிட்டீரோ?" என்றேன்.

"நீங்கள் ஆறுதலா வாசியுங்கோ. அவசரமில்லை."

நான் மூன்றாம் பக்கத்தை அடையக் கால்மணி நேரமாயிற்று. இனிச் சிகிச்சை இல்லை, நோவைத் தணிப்பது மட்டுமே என்று அங்கே இருந்தது. அந்தக் கால்மணி நேரம் முழுவதும் அவள் அதைத் தெரிந்துகொண்டு, நான் வாசிப்பதையே பார்த்துக்கொண்டு, தனியே இருந்திருக்கிறாள். நான் நிமிர்ந்தபோது, பிள்ளையைத் தேற்றுவதுபோல என் கையைத் தட்டினாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். 'தவம், உமக்கு எட்டு' என்று… மூன்று சொற்கள்! அதன் பின்னும் நாற்பது நாட்கள் அவள் இருந்தாள். நினைவு தெளிவாக இருந்தாள். கஞ்சி ஊட்டினேன், கால் பிடித்துவிட்டேன், தலை வாரிவிட்டேன். ஒவ்வொரு நாளிலும் அந்த மூன்று சொற்களுக்கு இடம் இருந்தது. நான் சொல்லவில்லை. அவள் முகத்தில் என்ன தோன்றும் என்று அஞ்சினேன். ஒன்றுமே தோன்றாமல், 'தெரியுமப்பா' என்று சொல்லிவிடுவாளோ என்று அதைவிட அஞ்சினேன்.

நினைவு மலருக்கு அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பைத் தானே எழுதுவதாக வானதி சொன்னாள். பத்து வயதில் இங்கு வந்தவள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அழுது அழுது எழுதியிருக்கிறாள். அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்த என்னிடம் அனுப்பினாள். ஒன்பதாம் பக்கத்தில் இப்படி இருந்தது:

'அம்மா ஆங்கிலச் சோதனை எழுதினா. ஏழு வேண்டும், அவவுக்கு ஆறுதான் வந்தது. அம்மா அழவில்லை. அப்பாவுக்கு எட்டு வந்ததற்காக ஊருக்கெல்லாம் கேக் கொடுத்தா. தோற்றாலும் சிரிக்க வேண்டும் என்று நான் படித்தது அன்றைக்குத்தான்.'

சிவப்புப் பேனாவோடு அந்தப் பந்தியின் மேல் வெகுநேரம் குனிந்திருந்தேன். அதில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

மாலையில் வானதி அழைத்தாள். "அப்பா, பிழை ஏதும் கிடக்கோ?"

"மற்றப் பக்கங்களிலை நாலு எழுத்துப்பிழை. திருத்திப்போட்டன்."

"வேறை ஏதும் மாத்தோணுமோ? ஷுவரா? நாளைக்கு பிரிண்டுக்குக் குடுக்கப்போறன்."

"வேறை ஒண்டுமில்லைப் பிள்ளை. வடிவா எழுதியிருக்கிறாய்."

முந்நூறு பிரதிகள் அச்சாயின. அவள் உயிரோடிருந்தபோது என் வாயால் அந்தப் பொய்யை அவள் ஒருத்திக்குத்தான் சொன்னேன். இறந்தபின் அதைப் படிக்க முந்நூறு வீடுகள்!

வானதியிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் இதை வாசிப்பாள்; தமிழை அவள் என்னைப்போலத்தான் வாசிப்பவள், மெதுவாக, ஒரு வரியும் விடாமல். தோற்றும் சிரித்த தாய் ஒருத்தியை அவள் கைப்பிடியாக வைத்திருக்கிறாள். அதையும் நான் பறிக்கப்போகிறேன். பறிக்காமல் விட்டாலும் குற்றம்தான்.

முடிவுத் தாள்கள் இரண்டும் என் பட்டங்களின் பின்னால் இன்னும் இருக்கின்றன. எடுத்துப் பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

உங்கள் வீட்டில் அந்த மலர் இருந்தால் ஒன்பதாம் பக்கத்தை எடுங்கள். திருத்தி எழுதுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஒருமுறை, அவளைப்போல, வேண்டியதை மட்டும் தேடி வாசியுங்கள்.

இரண்டாவது வரியில் ஓர் ஆறு இருக்கும். அது என்னுடையது.