மோட்டார் எரிந்ததும் சித்தி வந்த நேரமும்

கருகிய வார்னிஷ் வாசனை ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் சோறு இறங்காது. எண்பதுகளின் நடுவில், விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கழனியில் கிணற்று மோட்டார் எரிந்து எரிந்து அடங்கிய அந்தக் கோடை முழுவதும், அப்பாவின் சட்டையிலும் சித்தப்பாவின் துண்டிலும் அந்த வாசனை வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது. குண்டு பல்பு செக்கச்செவேலென்று மங்கி எரியும். "லோ வோல்டேஜ்" என்று எல்லோரும் சொல்லுவார்கள். சொல்லிவிட்டு, "மல்லாட்டை" என்கிற வேர்க்கடலை காய்கிறதே என்ற பதைப்பில் அதே கையால் மோட்டாரைப் போடுவார்கள். அது உறுமிவிட்டுப் புகையும்.

அந்தத் தை மாதம்தான் சித்தப்பாவுக்குத் திண்டிவனத்தில் பெண் எடுத்திருந்தோம். இரண்டாம் தடவை மோட்டார் எரிந்தபோது, அப்பாவின் அக்கா, எங்கள் வீட்டையே ஆண்டுகொண்டிருந்த அத்தை, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள். "இவ அடியெடுத்து வெச்சதுலேருந்து எரிஞ்சிக்கினே இருக்குது." அவ்வளவுதான். அதன்பிறகு பால் திரிந்தாலும் சித்தி, கன்று கழிந்தாலும் சித்தி. சித்தி வருவதற்கு முன்னும் எங்கள் வீட்டில் பால் திரிந்திருக்கிறது என்பது ஒருவருக்கும் நினைவில்லை. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். எனக்கு அத்தையைவிட அவர்மேல்தான் ஆத்திரம்.

மறுபடியும் எரிந்ததும் அத்தை முடிவு செய்துவிட்டாள். விழுப்புரத்தில் ஒரு ஜோசியரைப் பார்ப்பது, அவர் ஆமென்றால் நல்ல நேரம் வரும்வரை சித்தியைத் திண்டிவனத்தில் விடுவது. அப்படி விடப்பட்ட பெண்களுக்கு நல்ல நேரம் எப்போது வந்தது என்று ஊருக்கே தெரியும். சித்திக்குக் கீழே கல்யாணத்துக்குத் தங்கை ஒருத்தி வேறு இருந்தாள். அக்காள் திரும்பி வந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

மோட்டாரை ஏற்றிய டிராக்டரிலேயே அத்தையும் சித்தியும் ஏறினார்கள். லீவு என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன். முதலில் மோட்டாரை இறக்கிவிடலாம் என்று எரிந்த மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றித் தரும் கடைக்குப் போனோம். கடைக்கு உள்ளே இடமில்லை. தெருவோரம் வரைக்கும் மோட்டார்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீஸில் ஓர் ஊர்ப்பெயர். கண்டாச்சிபுரம் என்று எழுதிய மோட்டார்மேல் அதன் சொந்தக்காரரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சித்தி கொஞ்ச நேரம் அந்த வரிசையையே பார்த்தாள். பிறகு நேராக அவரிடம் போய்க் கேட்டாள்:

"ஏங்க, உங்க வூட்ல இந்த வருசம் புது மருமவ வந்துதுங்களா?"

அவர் திகைத்துப்போனார். "எம்புள்ள அஞ்சாவது படிக்குதும்மா. இன்னாத்துக்குக் கேக்கற?"

சித்தி அடுத்தவரிடம் போனாள். பிறகு அதற்கடுத்தவரிடம். ஒருவருக்குப் பெண்டாட்டியே இல்லை. இன்னொருவர் வீட்டில் மருமகள் வந்து பேரன் பேத்தி எடுத்தாயிற்று. கடைக்காரர் கையில் கம்பியோடு சிரித்தார். எல்லா மோட்டாரும் எரிந்திருந்தது, ஒரு வீட்டிலும் புது மருமகள் இல்லை.

அத்தை லேசில் விடுகிறவளா? "அவுங்க வூட்ல வேற எதுனா காரணம் இருக்கும்" என்றாள்.

"ஊருக்கெல்லாம் கரண்ட்டு காரணம், நம்ம வூட்டுக்கு மட்டும் நானா அண்ணி?" என்றாள் சித்தி. குரல் உயரவில்லை.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெயிலு பேஜாரா இருக்குது, ஜல்தியா வூட்டுக்குப் போவலாம்" என்றாள். அன்று நாங்கள் ஜோசியர் தெருப் பக்கமே போகவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் சித்தியை நான் வெறும் சாமர்த்தியசாலி என்றே நினைத்திருப்பேன். அடுத்த பட்டத்தில் மழை சரியாக விழுந்து மல்லாட்டை கொத்துக் கொத்தாகக் காய்த்தது. களத்தில் அத்தை எல்லோர் முன்னாலும், "எல்லாம் எங்க மருமவ வந்த ராசி" என்று மனசாரச் சொன்னாள். சித்தி சிரித்துக்கொண்டே தலையசைத்தாள். "வேணாம் அண்ணி. இதை வாங்கிக்கினா நாளைக்குப் பழியையும் வாங்கிக்கணும்."

நான் இன்று பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறேன். இதனால்தான் அது நடந்தது என்று பிள்ளைகள் சொன்னால், இது இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்று போய்ப் பார்த்தாயா என்று கேட்கிறேன். பழி விழும்போது எல்லோருமே பார்க்கக் கற்றுக்கொண்டு விடுகிறார்கள். புகழ்மாலை விழும்போதும் அப்படிப் பார்க்கிறவர்கள் அபூர்வம். என் வகுப்பில் அதற்குத்தான் அதிக நாள் ஆகிறது.

அத்தை காலமாகிவிட்டாள். தெருவோரம் வரை நின்ற மோட்டார் வரிசையும் இப்போது இல்லை. போன வருடம் சித்தியின் மகனுக்குக் கல்யாணமான வாரத்திலேயே சித்தப்பா வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். புதுப்பெண் ஆஸ்பத்திரி வார்டுக்குள் வரப் பயந்து கதவோரமே நின்றாள். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், "மருமவ வந்த நேரம்..." என்று இழுத்தார்.

"ரோட்ல ஜல்லி கொட்டி வெச்சிருந்தான், நான் பாக்காம வுட்டேன். அந்தப் பொண்ணு இன்னாய்யா பண்ணும்?" என்று சத்தம் போட்டார் சித்தப்பா. "நீ உள்ள வாம்மா."

இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. சித்தி அவர் காலடியில் மருமகள் உட்கார இடம் ஒதுக்கிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.