ஆயுத பூஜைப் பட்டியலில் ஒரு எம்.எல்.ஏ.வின் பெயர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை நோட்டு வாங்கி வந்து, பிள்ளையார் சுழி போட்டு, அத்தோடு மூடி வைத்துவிட்டேன். நான் எட்டாவது வரை படித்தவன், பிழை வரும் என்ற பயம் ஒன்று. சம்பந்தப்பட்ட பெரியவர் உயிரோடு இருக்கும்போது எழுதுவது முறையா என்ற எண்ணம் இன்னொன்று. போன மாசியில் அவர் காலமானார். பேப்பரில் சேதி வந்த அன்று சாயங்காலம் அல்சூர் கோயில் வாசலில், செருப்பு விடும் இடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

“அவரைக் கவுத்தது ஒரு கிளார்க்குப்பா. எதிராளிங்க அவனுக்கு வீட்டுமனை வாங்கிக் குடுத்து காரியத்தை முடிச்சாங்களாம்.”

“அப்படியா? அவர் அவனை ஆள் வச்சு மிரட்டினாருன்னுல்ல நான் கேள்விப்பட்டேன்?”

அந்த கிளார்க் நான்தான். அவர்களுக்குப் பக்கத்தில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே போய் ஈசுவரன் சந்நிதியில் நின்றபோதும் மனம் அங்கே நிற்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து பதினான்கு வருடம் ஆகியிருக்கும். பெங்களூர் கண்டோன்மென்டில், அல்சூர் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பழைய பங்களாவில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று நடந்தது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையைச் சர்க்கார் குறைக்கக் கூடாது, லைசென்ஸைப் புதுப்பிக்க ஜனங்களை அலைய விடக் கூடாது என்று மனுப் போடுவதுதான் சங்கத்தின் வேலை. அந்த மனுக்களைப் படியெடுப்பதும் மெம்பர் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. எல்லோரும் என்னை ரைட்டர் என்று கூப்பிடுவார்கள்.

மெம்பர்களில் காப்பித் தோட்டக்காரர்கள் உண்டு, ரிட்டயரான மிலிட்டரி ஆபீசர்கள் உண்டு, வேட்டைக்குப் போகிற பணக்காரர்கள் உண்டு. மைசூர் ராஜ்ய சட்டசபையின் எம்.எல்.ஏ.க்கள் ஐந்தாறு பேரும் இருந்தார்கள். எங்கள் செக்ரெட்டரிக்கு எம்.எல்.ஏ.க்களைச் சேர்ப்பதென்றால் தனி உற்சாகம், லைசென்ஸ் இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்வார், சட்டசபையில் நமக்காகப் பேச ஆள் வேண்டும் என்பார். அவர் குடகுக்காரர், ரிட்டயரான மேஜர். “எங்க ஜனங்களுக்கு லைசென்ஸே தேவையில்ல ரைட்டர். உங்க எல்லாருக்காகவும்தான் நான் இங்க உக்காந்து பென்சில் சீவறேன்” என்று காப்பி குடித்துக்கொண்டே சொல்வார்.

என் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் கோலார் தங்கவயலில் மாமனாரின் லைன் வீட்டில் இருந்தார்கள். மாமனார் சுரங்கத்தில் வேலை செய்தவர். எனக்குச் சங்கத்திலேயே, ரிக்கார்டு அறைக்குப் பக்கத்தில், கட்டில் போடும் அளவுக்கு ஒரு இடம் கொடுத்திருந்தார்கள். அதில் குடும்பத்தை வைக்க முடியாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் போவேன், ஞாயிறு சாயங்காலம் திரும்பி விடுவேன். நான் போய்ச் சேரும்போதெல்லாம் சின்னவள் முதலில் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வாள். என்னிடம் வர அவளுக்குப் பாதி நாள் ஆகும். வந்து ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் எனக்கு ரயில்.

மற்ற நாட்களில் பேச ஆள் கிடையாது. ஹாலில் ஒரு காட்டெருமைத் தலை மாட்டியிருந்தது. அதன் கண்ணாடிக் கண்ணைத் துடைக்கும்போது “சாப்பிட்டியா?” என்று கேட்டிருக்கிறேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

பங்களாவின் பின்னால் இரண்டு அறை கொண்ட ஒரு அவுட்ஹவுஸ் இருந்தது. உடைந்த நாற்காலிகளையும் குறி பார்த்துச் சுடும் பலகைகளையும் அதில் அடைத்து வைத்திருந்தார்கள். அதைக் காலி செய்து கொடுத்தால் நாங்கள் நான்கு பேரும் ஒன்றாக இருக்கலாம். அந்த நாட்களில் நான் சுவாமியிடம் கேட்டுக்கொண்டது அந்த இரண்டு அறையைத்தான். மேஜரிடம் கேட்டபோது, “சம்சாரம், குழந்தைங்க, துப்பாக்கி, மூணும் ஒரே காம்பவுண்டுல வேணாம்ப்பா” என்று சொல்லிவிட்டார்.

எனக்காகப் பேச முன்வந்தவர்தான் இப்போது காலமானவர். கோலார் பக்கத்துக் கிராமத் தொகுதியின் எம்.எல்.ஏ. எப்போதும் கதர்தான். அவரிடம் துப்பாக்கி இல்லை, கையால் தொட்டவரும் இல்லை. தொகுதியில் காட்டுப்பன்றி கேழ்வரகையும் கடலையையும் அழிக்கிறது, குடியானவர்களுக்கு நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்கவில்லை என்பதற்காகச் சங்கத்தில் சேர்ந்தவர். அவருடைய குடும்பமும் ஊரில். சட்டசபை நடக்கும்போது இங்கே தனியாக ரூமில் இருப்பார். மத்தியானத்தில் எங்கள் ஹாலுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.

“ஏன் ரைட்டரே, ஊட்டா ஆச்சா?”

“ஆச்சு சார். ரசம் சாதம்.”

“நேத்தும் அதானே சொன்னே?”

“நேத்து வச்ச ரசம்தான் சார்.”

சிரிப்பார். பிறகு இருவரும் சும்மா உட்கார்ந்திருப்போம். சும்மா உட்கார்ந்திருக்க ஒரு மனிதர் கிடைத்தாலே அந்த நாள் லேசாகப் போகும். ஒருநாள் அவுட்ஹவுஸ் விஷயத்தை அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். “மேஜர் என் பேச்சைத் தட்டமாட்டார். தசரா முடியட்டும், உன் சம்சாரத்தைக் கூட்டிட்டு வரலாம்” என்றார். சொன்னபடி பேசியும் விட்டார். மேஜரும் அரை மனதாகத் தலையாட்டினார். நான் தங்கவயலுக்குப் போய்ச் சொன்னேன். பெரியவள் அன்றே பள்ளிக்கூடத்துத் தோழிகளிடம் பெங்களூர் போகிறோம் என்று சொல்லிவிட்டாள். மனைவி பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த வருடம் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தசராவுக்கு ஒரு மாதம் முன்பு அவர் வந்தபோது முகமே சரியாக இல்லை. ஊர்க் கூட்டத்தில் ஒருவன் எழுந்து, “கதர் கட்டிக்கிட்டு ஜமீன்தாருங்களோட துப்பாக்கிச் சங்கத்துல மெம்பரா இருக்கீங்களாமே?” என்று கேட்டானாம். இவர் யோசிக்காமல், “எந்தத் துப்பாக்கிச் சங்கத்திலும் நான் இல்லை” என்று மேடையில் சொல்லிவிட்டாராம்.

“வாய்ல வந்துடுச்சுப்பா. இனிமே மாத்த முடியாது. ரிஜிஸ்டர்ல என் பேர் இல்லாம பண்ண முடியுமா?”

அவர் மிரட்டவில்லை. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் எனக்கு வீடு ஞாபகம் வந்தது என்பதை நான் மறைக்கக் கூடாது. பழைய ரிஜிஸ்டரைக் கரையான் அரித்துவிட்டது என்று சொல்லி, அவர் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் புது ரிஜிஸ்டர் எழுதினேன். மேஜர் பார்த்தார். “கரையானுக்கு நல்லா படிக்கத் தெரிஞ்சிருக்கு” என்று மட்டும் சொன்னார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் சங்கத்தில் அது பெரிய நாள். நீள மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, மெம்பர்களின் துப்பாக்கிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் பெயர்ச்சீட்டு வைப்போம். துப்பாக்கி கொண்டுவர முடியாதவர்களின் சீட்டுக்குப் பின்னால் ஒரு எலுமிச்சம்பழம். நான் பட்டியலைப் பார்த்துப் பெயரைச் சொல்ல, அர்ச்சகர் அந்தப் பெயருக்கு அர்ச்சனை செய்து பூப் போடுவார். அந்தப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுப்பதென்றால், அந்த மெம்பர் காலமாகியிருக்க வேண்டும். வேறு காரணத்துக்கு நாங்கள் பெயர் எடுத்ததே இல்லை. முந்தின வருடம் ஒரு வயதான கேப்டனின் பெயரை நான்தான் கோடு போட்டு அடித்தேன்.

காலையில் குளித்துவிட்டுப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். அவருடைய பெயர் வரும் இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. ரிஜிஸ்டர் மனுஷர்கள் பார்ப்பது, அதில் பொய் எழுதியாகிவிட்டது. இது அம்பாள் கேட்கிற பட்டியல். உயிரோடு இருக்கிற ஒருவரை, எனக்கு நல்லது செய்த ஒருவரை, செத்தவர்களோடு சேர்ப்பதா? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் தாங்குவேனா? பெயரை எழுதினேன். சீட்டை மடித்து எலுமிச்சம்பழத்துக்கு அடியில் வைத்தேன். மெதுவாகச் சொல்லிவிடலாம், அர்ச்சகருக்கு மட்டும் கேட்டால் போதும் என்று நினைத்தேன்.

அன்று வேறொரு எம்.எல்.ஏ.வும் வந்திருந்தார். வேட்டைக்காரர், வெளிப்படையான மெம்பர். கதர்க்காரரின் தொகுதியைத் தன் மச்சானுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. புது ரைஃபிளோடு போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு பத்திரிகைக்காரரையும் அழைத்து வந்திருந்தார்.

அந்தப் பெயர் வந்ததும் நான் முணுமுணுத்தேன். அர்ச்சகருக்கு வயது எழுபதுக்கு மேல்.

“யாரு? நன்னா சொல்லும். சுவாமிக்கே கேக்கலை போலிருக்கே.”

மறுபடி சொன்னேன். அவர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. அர்ச்சகர் அதைத் தன் கணீரென்ற குரலில் ஹால் முழுக்கக் கேட்கும்படி சொல்லி, எலுமிச்சம்பழத்தின் மேல் பூப் போட்டார்.

வேட்டைக்கார எம்.எல்.ஏ. பழத்தைத் தூக்கிச் சீட்டைப் பிரித்தார். “அட, நம்ம காதி சுவாமியும் இங்கதான் இருக்காரா? துப்பாக்கி எங்கப்பா? இதுல குண்டு எந்தப் பக்கம் போடறது?” என்று பழத்தைப் பத்திரிகைக்காரரிடம் நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். மேஜர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த பெயரைப் படித்தேன்.

அடுத்த வாரம் ஒரு கன்னடப் பத்திரிகையில் வந்துவிட்டது. தொகுதியில் அவருக்கு “நிம்பெஹண்ணு எம்.எல்.ஏ.” என்று பெயர் வைத்தார்கள், எலுமிச்சம்பழ எம்.எல்.ஏ. என்று அர்த்தம். சங்கத்தில் இருந்தது தப்பென்று யாரும் பெரிதாகப் பேசவில்லை, இல்லையென்று சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கட்சி அவருக்கு டிக்கெட் கொடுக்கவில்லை. மற்ற எம்.எல்.ஏ.க்களும் ஒவ்வொருவராக “என் பேரை எடுத்துடு” என்று கடிதம் அனுப்பினார்கள். வேட்டைக்காரரே கூட விலகிக்கொண்டார்.

மேஜர் என்னைக் கூப்பிட்டார். “ஏன் படிச்சே?”

“விட மனசு வரல சார்.”

“ரிஜிஸ்டர்ல எழுதாம விட்டப்போ வந்துச்சே?”

அவுட்ஹவுஸைப் பற்றி அதன் பிறகு அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வேலையிலிருந்து எடுக்காமல் விட்டதே பெரிது.

அந்தச் சனிக்கிழமை தங்கவயலுக்குப் போனேன். மனைவி அடுப்பு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

“அப்ப வீடு இல்லியா?”

“இல்ல.”

“மொதல்ல அந்த பேரை இன்னாத்துக்கு எடுத்தீங்க? அப்பவே எடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா அவுரும் அங்கயே நின்னு யோசிச்சிருப்பாரு.”

“வீட்டை நெனச்சேன்.”

“வீட்டை எனக்காகத்தான நெனச்சீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

எழுந்து போய்க் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவை நிமிர்த்தித் தண்ணீர் பிடித்தாள். பெரியவள் பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னாளோ, நான் கேட்கவில்லை.

தேர்தல் முடிந்து சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவர் வந்தார். நான் எழுந்து நின்றேன்.

“உக்காருப்பா. ஸ்வல்ப தண்ணி குடு.” குடித்துவிட்டுக் கேட்டார். “அன்னிக்கு என் பேரை விட்டிருக்கக் கூடாதா ரைட்டரே?”

செத்தவர்கள் பெயரைத்தான் எடுக்கிற வழக்கம் என்பதைச் சொன்னேன்.

“இதை யார்கிட்டயாவது சொன்னியா?”

“யாரும் கேக்கல சார்.”

“நானும் இப்பத்தான் கேக்கறேன்.” டம்ளரைக் கீழே வைத்தார். “கூட்டத்துல நான் இல்லேன்னு சொன்னப்போ முன்னால ஒருத்தன் உக்காந்திருந்தான். பன்னி குத்தி கால் போனவன். அவனுக்காகத்தான் இதுல சேர்ந்தேன், அவனுக்கும் அது தெரியும். நான் சொன்னதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனக்கு அங்கயே முடிஞ்சுபோச்சுப்பா. நீ படிச்சது அப்புறம்தானே.”

பிறகு வீட்டைப் பற்றிக் கேட்டார். இல்லை என்றேன். ஜன்னல் வழியாக அவுட்ஹவுஸைப் பார்த்தார். “நான் யார்கிட்ட சொல்றது இப்போ” என்றார். குடையை எடுத்துக்கொண்டு போனார். பிறகு அவர் வரவில்லை. மத்தியான வேளைகளில் கேட் சத்தம் கேட்டால் ரொம்ப நாள் வரை எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்கள் இருவரும் தங்கவயலிலேயே வளர்ந்து, அங்கிருந்தே கல்யாணமாகிப் போனார்கள். அதன் பிறகுதான் என் மனைவி பெங்களூர் வந்தாள். அல்சூரில் வாடகைக்கு ஒரு அறை எடுத்தோம். மூன்று வருடம் சேர்ந்து இருந்தோம், பிறகு அவளும் போய்விட்டாள். இப்போது அந்த அறையில் நான் ஒருவன். விளக்கேற்றுகிறேன், ஒருவனுக்குப் பொங்குகிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது அவர் என்னை மிரட்டினார் என்று சேர்க்க வேண்டாம். எனக்கு யாரோ மனை வாங்கிக் கொடுத்தார்கள் என்றும் சேர்க்க வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு, ரிஜிஸ்டரில் நான் பொய் எழுதியதை விட்டுவிடவும் வேண்டாம். நடந்தது இவ்வளவுதான், இப்படியே சொல்லுங்கள்.