எழுதிக்கொடு ஈவ்லின்

எங்கள் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் சுகாதார ஆய்வாளர் ஈவ்லின் மேடத்துக்கு 'எழுதிக்கொடு ஈவ்லின்' என்று பெயர். யார் வந்து எதை வாயால் சொன்னாலும், "எழுதிக் கொடுங்க சார்" என்பார். வீட்டிலும் அப்படித்தானாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வேண்டும் என்ற கணவர் ஜெரோமிடம் பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டார். அவரும் எழுதிக் கொடுத்தார். கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு மத்தி வந்தது.

மேடத்தின் மேஜைக்கடியில் எப்போதும் ஒரு துணிப்பை இருக்கும். டம்ளர், நாற்காலிக் குஷன், மாதா படம் எல்லாம் சாயங்காலமானால் அதற்குள் போய்விடும். மாறுதல் வந்தால் தூக்கிக்கொண்டு கிளம்ப வசதி. ஒரு பிரமுகரின் மச்சான் நடத்திய பிரியாணிக் கடையைப் பூட்டியதற்கு ஒரு மாறுதல். கல்யாண மண்டபத்து எச்சில் இலைகளைக் கால்வாயில் கொட்டவிடாததற்கு இன்னொன்று. இந்த வருடம் மட்டும் பை அசையக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார். மகள் ஏஞ்சல் பிளஸ் டூ. ஜெரோமுக்கு நைட் ஷிஃப்ட். தூரத்து ஊருக்குத் தூக்கியடித்தால், ஊரப்பாக்கம் வீட்டில் ராத்திரியில் அந்தப் பெண் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு சிவப்புப் பசு ஜி.எஸ்.டி. ரோட்டின் நடுவில் படுத்தது. பஸ்கள் ஹாரன் அடித்து ஓய்ந்தன. அது அசைபோட்டது. மேடம் ஆள் அனுப்பி வண்டியில் ஏற்றி, அலுவலகத்துக்குப் பின்னால் கொட்டகையில் கட்டினார். சொந்தக்காரர் நேரில் வந்து, என் மாடுதான் என்று கையெழுத்துப் போட்டால்தான் அவிழ்ப்பார்கள்.

மறுநாள் கவுன்சிலர் அப்பாதுரை நேராகக் கொட்டகைக்கே வந்தார். மாட்டைத் தெருவில் விடுபவர்களை ஜெயிலில் போட வேண்டும் என்று மன்றக் கூட்டத்தில் மேஜையைத் தட்டியவர் அவர். தட்டிய கோலத்திலேயே வார்டு முழுக்க பேனரும் வைத்திருந்தார்.

"இன்னா மேடம், வாயில்லா ஜீவனைக் கட்டி வச்சிகினு. அவுத்து வுடுங்க."

"யார் மாடு சார்?"

"தெரிஞ்ச பையனோடது."

"அவரை வரச் சொல்லுங்க. இல்லன்னா நீங்களே எழுதிக் கொடுங்க."

கவுன்சிலர் குரலை உயர்த்தினார். பசு காதைத் தூக்கியது. கயிறு போகும் தூரம் வரை வந்து, அவருடைய கட்சித் துண்டின் நுனியை வாயில் வாங்கி மெல்லத் தொடங்கியது.

"ச்சீ, வுடு ஜாங்கிரி" என்றார்.

ஜாங்கிரி உடனே விட்டது. நன்றாக வளர்த்திருந்தார்.

நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். மேகம் ஒன்றும் இல்லை, இருந்தாலும் பார்த்தோம்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நாளைக்கே இந்த சீட்டில் நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று சொல்லி, எல்லோரும் கேட்க வேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரைப் போட்டு கமிஷனரை அழைத்தார். கமிஷனர் புதிதாக வந்தவர். பொறுமையாகக் கேட்டார்.

"மாத்தலாம் சார். அவங்க என்ன தப்பு பண்ணாங்கன்னு எழுதிக் கொடுங்க."

கவுன்சிலர் போனைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். மாட்டைப் பற்றிச் சொல்லாமல் எழுத முடியுமா என்று விசாரித்தார். அப்படியானால் தப்பு என்ன என்று கமிஷனர் கேட்டார். அதற்கு ஜாங்கிரிதான் 'ம்மா' என்று பதில் சொன்னது.

கடைசியில் மாட்டுக்காரர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் அவருடைய பேனர்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஜாங்கிரி நின்று நின்று போனதாகக் கேள்வி.

நான் அங்கே தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பேசாமல் அவிழ்த்து விட்டால் என்ன என்றுதான் எனக்கு அன்று தோன்றியது. அப்படி அவிழ்த்து விடுகிற என்னை நம்பி யார் மாட்டைப் பிடிக்கச் சொல்வார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

இதே போனை வேறொரு கமிஷனர் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் மேடம் என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே பை" என்று சொல்லிவிட்டு, மின்சார ரயிலைப் பிடிக்க ஓடினார்.

குஷன் மட்டும் அன்று நாற்காலியிலேயே இருந்தது.

பரீட்சைப் புத்தகங்களோடு நானும் ஒரு துணிப்பை வாங்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.