ஹேமாவதியின் இடது தோள்

ஹேமாவதியின் இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை உயரம். பிறவிக் கோளாறு அல்ல. சேலையூரில் ஒரு கேஸ் ஏஜென்சியில் பதினெட்டு வருடமாகப் போன் எடுக்கிறாள். ரிசீவரை இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் நுகர்வோர் எண்ணைக் குறித்துக்கொண்டு, "சிலிண்டர் நாளைக்கு வந்துடும் சார்" என்று சொல்லிச் சொல்லியே அது மேலே ஏறி நின்றுவிட்டது. போன் அடிக்காத நேரத்திலும் இறங்குவதில்லை.

நாற்பத்து மூன்று வயது வரை இது யார் கண்ணிலும் படவில்லை. வில்லைப் பிடித்த அன்றுதான் ஊருக்கே தெரிந்தது.

வில்வித்தையில் முதலில் சேர்ந்தது அவள் மகள் சினேகா. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்க மைதானத்தில் ஞாயிறு காலை வகுப்பு. இரண்டாவது வாரமே நாண் முன்கையில் பட்டுச் சிவந்துவிட, இனிமேல் வரமாட்டேன் என்றுவிட்டாள். வாங்கிய கைக்கவசத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன ஹேமாவதியிடம் அப்போதைய பயிற்சியாளர் ஜெயகிருஷ்ணன், "வந்ததுதான் வந்துட்டீங்க, ஒரு அம்பு விட்டுப் பாருங்கம்மா" என்றார். விட்டாள். பத்து மீட்டர் தள்ளி இருந்த பலகையில் 'தொப்'பென்று குத்தி நின்றது. பதினெட்டு வருடத்தில் அவள் அனுப்பிய எதுவும் அத்தனை சீக்கிரம் போய்ச் சேர்ந்ததில்லை. மறுவாரம் தானே போய்ச் சேர்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து ஆறு மாதமாக அதே பத்து மீட்டர் கோடுதான். அவள் இடுப்பு உயரம் இருந்த பிள்ளைகள் எல்லாம் முப்பது மீட்டருக்குப் போய்விட்டார்கள். அதற்கு ஒரு தேர்வு உண்டு. ஆறு அம்பு. எங்கே குத்தியது என்று யாரும் பார்ப்பதில்லை. நின்ற விதம், இழுத்த விதம், விட்ட விதம், இவ்வளவுதான். தேறினால் முப்பது மீட்டர். அடுத்த மாதம் மாவட்டப் போட்டிக்கும் பெயர் கொடுக்கலாம். தேறாவிட்டால் இன்னும் ஆறு மாதம் குழந்தைகளோடு நிற்க வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் கோ-கோ அணியில்கூட வெளியே உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டவள் அவள். ஒரு போட்டித் தாளில் தன் பெயரை ஒரு தடவை எழுதிவிட வேண்டும் என்று இருந்தது.

"பத்து மீட்டருக்கு அம்பு எதுக்கு?" என்பார் கணவர் சுகுமார். "நடந்து போயி கையால குத்திட்டு வந்துடலாமே."

ஜெயகிருஷ்ணன் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போக, ஐந்து வாரம் முன்பு பிரிட்டோ வந்தார். படப்பையில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். ஹேமாவதியைவிடப் பத்து வயது சிறியவர். பயிற்சியாளர் என்பதால் அவள் அவரை சார் என்றாள். அவர் அவளை அக்கா என்றார், நீ என்றார்.

"இன்னாக்கா இது, பஸ்ஸுக்கு நிக்கிற மாரி ஒரு கால்ல சாஞ்சிகினு? ரெண்டு காலும் தோள் அகலத்துக்கு வெய்யி. வெயிட்ட சமமா போடு. வவுத்த உள்ள இழு. ஆங். இப்ப அந்தத் தோள இறக்கு."

"இறக்கிட்டேன் சார்."

"அது இறங்குன தோளா? காதுகிட்ட கீது. காதுல எதுனா ரகசியம் சொல்லுதா?"

தோளை இறக்கினால் முழங்கை மடங்கியது. முழங்கையை நிமிர்த்தினால் மூச்சு நின்றது. மூச்சை விட்டால் தோள் பழையபடி ஏறியது. வீட்டில் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று துண்டை இழுத்துப் பார்த்தாள். அலுவலகத்தில் போனை வலது காதுக்கு மாற்றி, எழுத முடியாமல் இரண்டு முகவரிகளைத் தப்பாகக் குறித்து, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இதையெல்லாம்விட அவளைக் குடைந்தது இன்னொன்று. நாணை இழுத்துத் தாடைக்குக் கீழே கையைப் பதித்து, தோள் சரியில்லையே என்று அவள் திணறும் சமயம் பார்த்து, பின்னாலிருந்து பிரிட்டோ தணிந்த குரலில், "விடுக்கா, விடு" என்பார். விடுவாள். அம்பு பலகையின் சட்டத்தில் இடிக்கும், இல்லாவிட்டால் புல்லில் போய் விழும். "ச்சே!" என்று அவர் அடுத்த ஆளிடம் போய்விடுவார். தயாராகாதவளை விடச் சொல்வானேன், பிறகு சலித்துக்கொள்வானேன்? வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கிற சுபாவம் அவளுக்கு இல்லை.

தேர்வு நாள் வந்தது. சுகுமார் வேப்பமரத்தடியில் பைக்கில் உட்கார்ந்திருந்தார். பிரிட்டோவோடு படப்பையிலிருந்து வந்த சின்மயி என்ற பத்தாம் வகுப்புப் பெண் அம்புகளை எடுத்துக் கொடுத்தாள். பிரிட்டோ கையில் அட்டையும் பேனாவும்.

ஐந்து அம்பு போயிற்று. ஐந்துக்கும் பிரிட்டோவின் பேனா சரி என்று போட்டது. ஆறாவதை இழுத்து நிற்கையில் சுகுமாரின் போன் அலறியது. மணி கேட்டதுதான் தாமதம், ஹேமாவதியின் இடது தோள் தானாக எழும்பிக் காதோடு ஒட்டிக்கொண்டது.

"விடுக்கா!" என்று கத்தினார் பிரிட்டோ.

விட்டாள். அம்பு பலகைக்கு மேலாகப் பறந்து மண்மேட்டில் செருகிக்கொண்டது.

பிரிட்டோ அட்டையைத் தரையில் அடித்தார். "இன்னாக்கா நீ? விடு விடுன்னு தொண்ட கிழிய கத்திகினு கீறேன், நீ பாட்டுக்கு விடுற!"

ஹேமாவதிக்குள் ஐந்து வாரமாகக் கொதித்தது பொங்கிவிட்டது. "விடுன்னா விடாம வேற என்ன சார் பண்ணுவாங்க?"

"விடுன்னா விடுக்கா! வாணாம், இறக்கு, வுட்டுடு!"

"அதைத்தானே விட்டேன்!"

"யக்கா, அம்ப வுட சொல்லல. இந்தத் தடவ வாணாம், அப்டியே வுட்டுடுன்றேன். அம்பு போவணும்னா அடின்னு சொல்வேன்ல?"

"ஜெயகிருஷ்ணன் சார் விடுன்னா அம்பை விடுறதுதான். இறக்கணும்னா டவுன்னு சொல்வாரு."

சின்மயி வாயைப் பொத்திக்கொண்டாள். "படப்பையில எங்க எல்லாருக்குமே விடுன்னா வில்லை இறக்குறதுதான் ஆன்ட்டி. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"யாரும் சொல்லலை. அஞ்சு வாரமா நான் இவர் பேச்சைக் கேட்டுத்தான் கெட்டேன்."

"நான் உன்னிய திமிர் புடிச்ச அக்கான்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார் பிரிட்டோ.

"அது சரிதான் சார்" என்றார் மரத்தடியிலிருந்து சுகுமார்.

"நீங்க முதல்ல போனை அணைங்க!" என்று சீறினாள் ஹேமாவதி.

பிரிட்டோ அட்டையைப் பொறுக்கி மண்ணைத் தட்டினார். "ஆறாவது என் பேச்சால போச்சி. இன்னொண்ணு அடி. ஆனா நான் வாயே தொறக்க மாட்டேன். தோள் ஏறிகினு அடிச்சா, அவ்ளோதான். ஆறு மாசம்."

அவள் மறுபடி கோட்டில் நின்றாள். இரண்டு கால், சமமாக. வில்லை உயர்த்தி இழுத்தாள். தோள் நகர்ந்தது. பின்னாலிருந்து திட்டு விழாதது திட்டைவிடக் கடுப்பாக இருந்தது. வில்லை இறக்கினாள். மறுபடி இழுத்தாள், மறுபடி ஏறியது. சனியன் பிடித்த தோள். இறக்கினாள். சின்மயி பெருமூச்சு விட்டது கேட்டது.

மூன்றாம் முறை, யாரும் கூப்பிடவில்லை, யாருக்கும் சிலிண்டர் வேண்டாம் என்று தோளுக்குச் சொல்லிக்கொண்டாள். கை தாடைக்குக் கீழே வந்து பதிந்தது. முதுகின் நடுவில் தசை இறுகியது. தோள் இருந்த இடத்திலேயே இருந்தது. விரல்கள் தளர்ந்தன; வலது கை கழுத்தோரமாகப் பின்னால் போய் நின்றது. தலை திரும்பவில்லை.

அம்பு எங்கே போனதென்று பிரிட்டோவும் பார்க்கவில்லை. தோளையே பார்த்துக்கொண்டிருந்தவர் பேனாவை எடுத்துச் சரி போட்டார்.

"வா, முப்பதுக்கு."

முப்பது மீட்டர் கோட்டிலிருந்து பார்த்தால் பலகை சிலிண்டர் மூடி அளவுக்குத்தான் இருந்தது. "என்ன சார், இவ்வளவு சின்னதா தெரியுது?"

"ஆறு மாசமா முப்பதுக்கு ஏங்கிகினு இருந்துட்டு, இப்ப சின்னதா கீதாம். பேர எழுதுக்கா மொதல்ல."

போட்டித் தாளை வாங்கி, 'ஹேமாவதி சுகுமார்' என்று எழுத்து எழுத்தாக எழுதினாள். அடுத்த கட்டம் வயது. பேனா நின்றது.

"இதெல்லாம் எதுக்கு சார் கேக்குறாங்க?" என்றாள் எரிச்சலோடு.