முந்தின ஓனர் ஒரு ரசிகன்

ஜீப்பின் உட்புறத்தைக் கழுவுவது ஸ்வர்ணலதாவின் வேலை. சக்கரங்கள் அவள் கணவர் மணிவேலுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இந்தப் பாகப்பிரிவினை தவறாமல் நடக்கும். மணிவேல் குந்தி உட்கார்ந்து, டயரின் பள்ளங்களில் சிக்கிய கற்களை ஸ்குரூடிரைவரால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்து, பெயின்ட் டப்பாவில் போடுவார். எந்தக் கல் எந்த ஊர்க் கல் என்று மாடியில் குடியிருக்கும் என்னிடம் சொல்வார். "இது பிச்சாட்டூர் ஏரிக் கல்லுக்கா. எப்படிக் கூரா இருக்குது பாரு." ஸ்வர்ணலதா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்கதவைத் திறந்து, சோப்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்து, ஓஸ் பைப்பைத் திருப்பிவிடுவாள்.

போன ஞாயிறு அந்தத் தண்ணீர் சிவப்பாக வெளியே வந்தது.

துருவின் சிவப்பு இல்லை. துரு பழுப்பாக, சேறு மாதிரி வரும். இது பீட்ரூட் நறுக்கிய பலகையைக் கழுவினால் வருகிற நிறம். நுரையோடு கலந்து, ஓரங்களில் ஊதா காட்டி, சிமென்ட் தரையில் நிதானமாக ஓடிவந்து என் செருப்பைத் தொட்டது. பால் பாக்கெட் எடுக்க மாடியிலிருந்து இறங்கி வந்த நான் அப்படியே நின்றேன். ஸ்வர்ணலதா வண்டிக்குள் ஒரு தரம் பார்த்தாள். பைப்பைத் தரையில் போட்டாள். போய் வாசல் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து குழாயை மூடினாள். துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சாக்கடைப் பக்கம் தள்ளத் தொடங்கினாள்.

மணிவேல் எழுந்து வந்து வண்டியின் அடித்தளத்தில் கையை விட்டார். விரல் நீளத்தில் ஒரு மரச்சிலாம்பு வந்தது. ஈரம் பட்டதும் அது ரத்தம் மாதிரி இருந்தது. திருப்பதியில் மரப்பொம்மை வாங்காத வீடு எங்கள் பக்கம் கிடையாது. அந்த நிறத்தை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செம்மரம். அதை வெட்டுவதற்கு மலையேறிப் போனவர்களையும், வண்டியில் ஏற்றி ஆந்திர எல்லை தாண்டப் பார்த்தவர்களையும் பற்றி வாரம் ஒரு செய்தி பேப்பரில் வரும் ஊர் இது. எங்கள் திருப்பதி ரோட்டில் செக்போஸ்ட் இருப்பதே அதற்காகத்தான்.

மணிவேலைத் தெரிந்த யாரும் இதை நம்பமாட்டார்கள். நகரியில் பதினெட்டு விசைத்தறிக் கொட்டகைகளுக்கு அவர்தான் ஃபிட்டர். நாற்பத்தெட்டு வயது. முப்பது வருடத் தறிச் சத்தத்தில் வலது காது போய்விட்டது. இடது காது முக்கால்வாசி. மனிதர்கள் பேசுவது சரியாகக் கேட்காது, ஆனால் இயந்திரம் பேசுவது கேட்கும். ஸ்குரூடிரைவரின் முனையை இரும்பில் வைத்து, பிடியை இடது காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். "பேரிங் அழுதுக்கினு இருக்குது. ரெண்டு நாள் தாங்கும்" என்பார். ரெண்டு நாள்தான் தாங்கும்.

ஜீப் வந்தது நாலு வருடத்துக்கு முன்னால். ஸ்வர்ணலதாவின் தம்பி சிட்டிபாபு ரேணிகுண்டாவில் பழைய வண்டி வாங்கி விற்கிறவன். நாலு சக்கரமும் இழுக்கிற பத்து வருடத்துப் பழைய டீசல் ஜீப்பை அவனே ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினான். மணிவேல் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் போனவர், ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் கிரீஸ், சிரிப்பு.

"டேய் மச்சான், இத்த வெச்சிருந்தவன் பெரிய ரசிகன்டா! பின்னாடி ஸ்பிரிங் பட்டையில ரெண்டு லீஃப் சேத்துப் போட்டிருக்கான். எத்தினி பாரம் ஏத்துனாலும் பின்னாடி குந்தாது. டீசலுக்கு இன்னொரு டேங்க். இஞ்சினுக்குக் கீழ தகடு. இன்னாத்துக்கு? கல்லு முள்ளு எதுல போனாலும் அடிபடாம இருக்கத்தான்!"

"ஆமா மாமா" என்றான் சிட்டிபாபு. "அவனும் டூர் போறவன்தான்."

எல்லாவற்றையும்விட மணிவேலை மயக்கியது ஒரு சின்ன சுவிட்ச். ஸ்டீயரிங்குக்குக் கீழே, கைக்கு மட்டும் தெரிகிற இடத்தில் இருந்தது. அதைத் தட்டினால் பின்பக்க விளக்குகள், பிரேக் விளக்கு உட்பட, மொத்தமாக அணைந்துவிடும். அதை எனக்குப் பத்துத் தடவையாவது போட்டுக் காட்டியிருப்பார். "காட்டுல நட்சத்திரம் பாக்கணும்னா வெளிச்சமே இருக்கக் கூடாதுல்லக்கா? அதுக்குன்னே தனியா வெச்சிருக்கான் பாரு. மனுசன்!"

நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அந்த ரசிகன் விட்ட இடத்திலிருந்துதான் மணிவேல் தொடங்கினார். அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். மாற்றிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்காமல் அடுத்ததைத் தொடமாட்டார். தறியில் கற்ற பாடம். "ஒரே தபாவுல ரெண்டு மாத்துனா, சத்தம் எதுலேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்க முடியாது." சேற்றைப் பிடிக்கப் பெரிய பட்டன் வைத்த டயர்கள் வந்து ஏழு மாதம் கழித்துத்தான், தண்ணீரில் இறங்கினாலும் இஞ்சின் மூச்சு முட்டாமலிருக்க முன்கண்ணாடி ஓரமாக ஒரு குழாய் ஏறியது. அதற்கு அவர் வைத்த பெயர் தும்பிக்கை. கூரை மேல் கேரியர், பழைய தறியின் சட்டத்தை அறுத்துப் பற்றவைத்தது. கியர் குமிழ் தேய்ந்துபோனதும் அங்கே ஒரு தறி நாடாக்கட்டையின் நுனி வந்து உட்கார்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எலுமிச்சம்பழம் நசுங்கும், பிறகு பிச்சாட்டூர் ஏரியின் வற்றிய கரையில் ஒரு வெள்ளோட்டம். ஒருமுறை சேற்றில் அச்சு வரை இறங்கி, கடலைக் கொடி ஏற்றிவந்த டிராக்டர் இழுத்து மீட்டது. டிராக்டர்காரர் அவிழ்த்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "நாலு சக்கரமும் இழுக்கும்னு சொன்னே, எந்தப் பக்கம்னு சொல்லலியே நைனா" என்றாராம். இதை மணிவேலே சொல்லிச் சிரிப்பார்.

போக நினைப்பது கட்ச். குஜராத்தில் கண்ணுக்கெட்டிய வரை வெறும் உப்பாகக் கிடக்கிற வெளி. கூடத்துச் சுவரில் அதன் வரைபடத்தை ஒட்டி வைத்திருக்கிறார்.

"அங்க இன்னா இருக்குதுன்னு போறே?" என்று ஸ்வர்ணலதா கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் போறேன். ஒரு சத்தம் இருக்காதாம்."

"உப்பைப் பாக்க ரெண்டாயிரம் கிலோமீட்டரா? ரேஷன் கடையில போயி நில்லேன். உப்பும் இருக்கும், நாம கேக்கறதுக்கு பதிலும் வராது."

கேலி செய்வாளே தவிர, கொசுவலை தைத்தது அவள்தான். மெத்தை உறை தைத்ததும், பின்கண்ணாடிக்குத் திரை தைத்துக்கொண்டிருப்பதும் அவள்தான். பிச்சாட்டூருக்கு வந்து ஏரிக்கரையில் முட்டை பொரிப்பாள். திருப்பதி ரோட்டுக்கு மட்டும் ஜீப்பில் ஏறமாட்டாள். திருப்பதியில் படிக்கிற மகள் பிரித்திகாவை ஹாஸ்டலில் விடவும் பஸ்தான். மகள் கெஞ்சுவாள்: "நைனா கூட ஜீப்புல போறேம்மா." "அதெல்லாம் வேணாம். தலையெல்லாம் தூசி. பஸ்ஸுல போனா தூங்கிக்கினு போலாம்." பெண்களுக்குத் தலைமுடிக் கவலை என்று மணிவேல் விட்டுவிடுவார்.

அவர் தனியாகத்தான் ரேணிகுண்டாவுக்குப் பழைய சாமான் பொறுக்கப் போய்வருவார். செக்போஸ்டில் கைகாட்டும் முன்பே நிறுத்தி, பின்கதவைத் தானே திறந்துவிடுவார். அடுப்பைக் காட்டுவார், தண்ணீர்த் தொட்டியைக் காட்டுவார், நேரம் இருந்தால் டீ போட்டும் கொடுப்பார். "கட்ச் எப்புடு அன்னா?" என்று அவர்கள் தெலுங்கில் கேட்பார்கள். "சங்கராந்தி அய்னாக," பொங்கல் முடிந்ததும் போவேன் என்று இவர் சொல்வார். நாலு சங்கராந்தி போய்விட்டது. ஐந்தாவதற்கு இன்னும் எட்டு வாரம். இந்தத் தடவை கொட்டகை முதலாளிகளிடம் லீவுகூடச் சொல்லிவிட்டார். பம்பருக்கு முன்னால் வைத்த இரும்பு கார்டுக்கு அனுமதி இல்லை என்று யாரோ சொன்னதும், அன்றே கழற்றி எடைக்குப் போட்டவர் அவர். "பர்மிஷன் இல்லாத ஒரு போல்ட்டு என் வண்டியில கெடையாது" என்று என்னிடம் பெருமை அடித்திருக்கிறார். அதைச் சொன்னபோது எங்கே உட்கார்ந்திருந்தார் என்று யோசித்துப் பார்க்கிறேன். பின்தளத்தின் மேல், கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

கடைசி வேலை, பின்னால் இழுப்பறை வைத்த சமையல் பெட்டி. அதற்கு ஆறு விரற்கடை ஆழம் போதவில்லை. தளத்துத் தகட்டை அறுத்தால் கிடைக்கும். அறுக்க மனமில்லாமல் ஒரு மாதம் தள்ளிப்போட்டார். "இன்னா மாதிரி பத்த வெச்சிருக்கான் பாருக்கா, தையல் போட்டாப்ல. இந்தக் கையை மதிக்கணும்." சனிக்கிழமை சாயங்காலம் கிரைண்டரை வைத்தேவிட்டார். தகடு வந்தது. அதன் கீழே, ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு பள்ளம், சுற்றிலும் கோணிப்பை ஒட்டி இருந்தது. அந்தப் படபடப்பில் என்னை மாடியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார். "சாமான் வெக்க ரகசிய அறை! நாம தேடிக்கினு இருந்த எடம் நம்ம காலுக்குக் கீழயே இருந்துக்கீது! ரசிகன்கா அவன்!" கோணியில் செந்தூள் அப்பியிருந்தது. துரு என்றார். காலையில் லதா கழுவிடுவா என்றார்.

லதா கழுவினாள்.

அதன் பிறகு அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் மூன்று பேர். எனக்கு ஸ்வர்ணலதா காபி கொண்டுவந்து வைத்தாள். எதற்கு வைத்தாள், நான் எதற்கு உட்கார்ந்தேன், எனக்குத் தெரியவில்லை. எழுந்து போகக் கால் வரவில்லை, அவ்வளவுதான். மணிவேல் வரைபடத்துக்குக் கீழே உட்கார்ந்து சிட்டிபாபுவுக்குப் போன் போட்டார். காது கேட்காததால் அவர் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும்.

"மச்சான், தளத்துக்கு அடியில செம்மரச் செதுக்கல் இருக்குது."

"தகட்டை எதுக்கு மாமா அறுத்தே?"

மணிவேல் போனைப் பார்த்தார். தான் கேட்டதற்கு இது பதில் இல்லை என்பது அவருக்கு மெதுவாகத்தான் ஏறியது.

"யாருதுடா இந்த வண்டி?"

"எவனோ வித்தான், நான் வாங்கினேன். இன்னா மாமா நீ, நாலு வருசமா ஓட்டிக்கினு கீறே, ஒர்த்தன் இன்னான்னு கேட்டானா? உனக்குன்னு குடுத்தா எவனுக்கும் சந்தேகம் வராது. கழுவி வுட்டுட்டு தகட்டைத் திரும்பப் பத்த வெச்சிடு. பேசாம இரு. போனை அக்காகிட்ட குடு."

"அவகிட்ட எதுக்கு?"

"குடு மாமா."

மணிவேல் கொடுக்கவில்லை. போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தார். ஐம்பது வயதை நெருங்குகிற மனிதரின் முகத்தில் இப்படி ஒரு திகைப்பை நான் பார்த்ததில்லை. பயம் அதில் இருந்தது. போலீஸ், கோர்ட், பேப்பரில் போட்டோ, எல்லாம் இருந்தது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது போனை இல்லை, மனைவியை. அவள் எதிர்நாற்காலியில் பின்கண்ணாடித் திரையை மடியில் போட்டுக்கொண்டு, வளையம் தைத்துக்கொண்டிருந்தாள். தைப்பதற்கு அது நேரமே இல்லை. ஆனாலும் ஊசி போய்வந்துகொண்டிருந்தது, ஒரே அளவில், ஒரே இடைவெளியில்.

"உன் நைனாக்குத் தெரிஞ்சா..." என்று மணிவேல் தொடங்கி நிறுத்தினார். அவள் அப்பா செத்து ஆறு வருடம் ஆகிறது. வாய் தவறிவிட்டது என்று அவருக்கே தெரிந்தது.

கையிலிருந்த சிலாம்பு காய்ந்து நிறம் மங்கியிருந்தது. அதைக் கவிழ்த்து வைத்த போனின் மேல் வைத்தார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். தறியிடம் குனிவதைப்போல இடது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"லதா. நிறைய இருக்குது கேக்க. ஒண்ணுதான் கேக்கறேன்."

ஊசி நின்றது.

"தண்ணி செவப்பா வந்திச்சு. நான் இன்னான்னு தெரியாம முழிச்சிக்கினு இருந்தேன். அக்கா அப்படியே நின்னாங்க. நீ 'இது இன்னா'ன்னு ஒரு வார்த்த கேக்கல. சரி, நீ பயந்துட்டேன்னு வெச்சிக்கறேன்." கண்ணை மூடிக்கொண்டார். "குழாயை மூடறதுக்கு முன்னாடி கேட்டை எதுக்கு மூடுனே?"

தெருவில் ஒரு தண்ணீர் லாரி போனது. அது போய் முடியும்வரை அவர் காதைத் திருப்பிவைத்தபடியே இருந்தார், கேட்காமல் போய்விடக் கூடாது என்பதுபோல.

ஸ்வர்ணலதா ஊசியைத் தொலையாதபடி திரையின் மடிப்பில் குத்தினாள். திரையை நாலாக மடித்து நாற்காலியின் மேல் வைத்தாள். என் பக்கம் வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதில் காபி பாதிக்கு மேல் இருந்தது.